வாசலுக்கு அடிச்சுக்கிட்டு வயலை விட்ட கதை

எச்சரிக்கை: கொஞ்சம் நீளமான பதிவு. ஹாம் ரேடியோன்னா என்னன்னே தெரியாதவங்களும் படிக்கலாம், அடிப்படையிலேர்ந்துதான் ஆரம்பிக்கறேன். ஏற்கெனவே ஹாமா இருக்கறவங்களுக்கு நடுவுல எங்கயாவது கோபம் வரலாம். வீட்டுக்கு ஆட்டோ மட்டும் அனுப்பிடாதீங்க :-)

ஹாம் ரேடியோ, அதாவது அமெச்சூர் ரேடியோ. அரசாங்கம் வைக்கிற பரீட்சையை பாஸ் பண்ணி, உரிமம் வாங்கி, சொந்தமா ஒரு டிரான்ஸ்மிட்டரை வச்சுக்கிட்டு உலகத்துல எங்கயோ இருக்கற இன்னொரு ஹாமோட தொடர்பு கொள்றது. காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. குரல்ல பேசலாம், கம்ப்யூட்டரை இணைச்சு டேட்டா அனுப்பலாம், மோர்ஸ் கோட்ல தந்தியும் அடிக்கலாம். இந்தியாவுல 2013 ஜூலையில தந்தி சேவையை மூடினப்ப பத்திரிகைகள் இரங்கல் எழுதுச்சு. ரேடியோவுல அந்தப் புள்ளி-கோடு பாஷை இன்னிக்கும் உயிரோட இருக்கு. ராத்திரி நேரத்துல 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ரிசீவரைத் திருப்பினா, வயல்ல தவளை கத்துற மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கும்.

இந்த உலகத்துல பல வருஷமா ஒரு குடுமிப்பிடி சண்டை ஓடுச்சு. மோர்ஸ் தெரிஞ்சாத்தான் உரிமமா, தெரியாட்டியும் கொடுக்கலாமா? ரொம்ப உக்கிரமா நடந்தது அமெரிக்காவுல. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பரீட்சையை எடுத்தது சரி. ஆனா பரீட்சையைக் காப்பாத்தக் கிளம்பினவங்க, உண்மையிலேயே காப்பாத்த வேண்டிய ஒண்ணைக் கோட்டை விட்டுட்டாங்க. அது நிலம். அலைக்கற்றைங்கிற நிலம்.

நிலம்னு சும்மா அழகுக்காகச் சொல்லலை. ஹாம்களோட வரலாறே நிலத்தோட வரலாறுதான். 1912-ல அமெரிக்கா ரேடியோ சட்டம் போட்டப்ப, டைட்டானிக் மூழ்கி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. நல்ல அலைநீளத்தையெல்லாம் கடற்படைக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் கொடுத்துட்டு, அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் கீழே தள்ளினாங்க. அன்னிக்கு இருந்த அறிவுக்கு அது எதுக்கும் உதவாத இடம். நம்ம பாஷையில புறம்போக்கு. அந்தப் புறம்போக்குல உக்காந்துதான் 1923 நவம்பர்ல ஃப்ரெட் ஷ்னெல், ஜான் ரெய்னார்ட்ஸ்னு ரெண்டு அமெரிக்க அமெச்சூர்கள், பிரான்ஸ்ல இருந்த லியோன் டெலாயோட அட்லாண்டிக்கைத் தாண்டி தொடர்பு கொண்டாங்க. சுமார் 110 மீட்டர் அலைநீளம். அதுவும் மோர்ஸ்லதான். அதுக்கப்புறம் புறம்போக்குக்கு திடீர்னு மவுசு. எல்லாரும் சிற்றலைக்கு ஓடி வந்தாங்க. அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அமெச்சூர்கள் செய்யறது ஒரே வேலை: இருக்கற நிலத்தைக் காப்பாத்திக்கறது.

மோர்ஸ் பரீட்சைக்கு அந்தக் காலத்துல நல்ல காரணம் இருந்தது. நடுக்கடல்ல ஒரு கப்பல் எஸ்.ஓ.எஸ். அனுப்பிட்டிருக்கும்போது குறுக்கே ஒரு அமெச்சூர் சத்தம் போட்டுக்கிட்டிருந்தா, "நிறுத்துப்பா"ன்னு அவனுக்கு மோர்ஸ்லதான் சொல்ல முடியும். அது அவனுக்குப் புரியணும். யுத்தம் வந்தா கை பழகின ஆபரேட்டர்கள் தேவைன்னு அரசாங்கமும் கணக்குப் போட்டுச்சு. அதனால சர்வதேச ரேடியோ விதியிலேயே மோர்ஸ் கட்டாயம்னு வந்தது. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது கண்டம் விட்டுக் கண்டம் பேசக்கூடிய சிற்றலையில, மோர்ஸ் தெரியாதவனுக்கு இடமில்லைன்னு அந்த விதி ரொம்ப காலம் இருந்தது. இந்தியாவோட 1978 அமெச்சூர் விதிகள்லயும் மேல்நிலை உரிமங்களுக்கு மோர்ஸ் கட்டாயம்தான்.

அமெரிக்காவுல இது படிப்படியா ஏறுற வேகம். ஆரம்ப நிலைக்கு நிமிஷத்துக்கு 5 வார்த்தை. ஜெனரலுக்கு 13. உச்சத்துல இருக்கற எக்ஸ்ட்ராவுக்கு 20. (வார்த்தைன்னா எவ்வளவு நீளம்னு கேக்கறவங்களுக்கு: 'பாரிஸ்'ங்கற அஞ்செழுத்து ஆங்கில வார்த்தைதான் அளவுகோல்.) 1968-லேர்ந்து இன்னொரு கொக்கியும் போட்டாங்க. பேண்டுகள்ல சில துண்டுகளை ஜெனரல்காரங்ககிட்டேர்ந்து எடுத்து, மேல் பரீட்சை எழுதினவங்களுக்கு மட்டும்னு ஒதுக்கினாங்க. வேகமா தந்தி பிடிச்சா நிறைய நிலம். அன்னிக்கே பரீட்சையும் பட்டாவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு முடிச்சுப் போட்டுக்கிச்சு.

காரணம் எப்ப செத்துச்சு? 1999 பிப்ரவரி 1-ம் தேதி கப்பல்களுக்கான புது ஆபத்துத் தொடர்பு முறை முழுசா அமலுக்கு வந்துச்சு. செயற்கைக்கோளும் தானியங்கிக் கருவியும். கடல்ல மோர்ஸுக்கு வேலை போச்சு. கப்பலே மோர்ஸ் பேசாதப்ப, கப்பல் பேசறது புரியணும்னு அமெச்சூருக்கு ஏன் பரீட்சை? 2000 ஏப்ரல்ல அமெரிக்காவோட எஃப்.சி.சி. எல்லா நிலைக்கும் வேகத்தை 5 வார்த்தையாக் குறைச்சது. 2003-ல ஜெனிவாவில நடந்த உலக ரேடியோ மாநாடு, பரீட்சை வைக்கறதும் வைக்காததும் அந்தந்த நாட்டோட இஷ்டம்னு சொல்லிடுச்சு. அந்த வருஷமே சுவிட்சர்லாந்து, பிரிட்டன், ஜெர்மனின்னு வரிசையா எடுத்துட்டாங்க.

இப்ப முக்கியமான மேட்டருக்கு வரேன்.

2006 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை. மோர்ஸ் பரீட்சையை அடியோட எடுக்கப் போறோம்னு எஃப்.சி.சி. அறிவிச்ச நாள். (அமலுக்கு வந்தது 2007 பிப்ரவரி 23.) ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் பிரிஞ்சு நின்னு கட்டி உருண்டாங்க. அதே டிசம்பர் 15-ம் தேதி எஃப்.சி.சி.யோட இன்னொரு உத்தரவும் அமலுக்கு வந்தது. பேண்டுகளை மறுபங்கீடு செய்யற உத்தரவு. 80 மீட்டர் பேண்ட்ல அதுவரைக்கும் 3500-லேர்ந்து 3750 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் மோர்ஸுக்கும் டேட்டாவுக்கும் இருந்தது. 250 கிலோஹெர்ட்ஸ். அன்னிலேர்ந்து குரல் 3600-லேயே ஆரம்பிக்கலாம். மிச்சம் 100. ஒரே ராத்திரியில பாதிக்கு மேல போச்சு. 40 மீட்டர்லயும் குரலோட எல்லை 7150-லேர்ந்து 7125-க்கு இறங்கிச்சு.

வருஷக்கணக்கா தொண்டை வத்தக் கத்தினது வாசல்ல யாரை விடணும்னு. வீட்டுக்குப் பின்னாடி வயலோட வரப்பு நகர்ந்துக்கிட்டிருந்தது. ரெண்டாவது விஷயத்துக்கும் எதிர்ப்பு வராம இல்லை. ஆனா "மோர்ஸைக் காப்பாத்துவோம்"னு யாராவது சொன்னா, கேக்கறவங்க காதுல "பரீட்சையைக் காப்பாத்துவோம்"னுதான் விழுந்தது.

சரி, பரீட்சை வேணும்னு சொன்னவங்களோட வாதங்களை நேர்மையாப் பார்ப்போம்.

முதல் வாதம்: தரம் கெட்டுடும். கஷ்டப்பட்டு மோர்ஸ் கத்துக்கிட்டவன் பொறுப்பா இருப்பான், சும்மா வர்றவன் கண்டபடி கத்துவான். இந்த 'தரம்'ங்கற வார்த்தையை நம்ம ஊர்ல நாம கேக்காததா? ஒரு தேர்வு எதை அளக்குதோ அதைத்தான் அளக்கும். காது புள்ளி-கோட்டைப் பிடிக்குதான்னு மோர்ஸ் பரீட்சை அளக்கும். மனுஷன் நாகரிகமானவனான்னு அளக்காது. கம்ப்யூட்டர் வாங்கணும்னா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிட்டு வான்னு எங்களைச் சொல்லியிருந்தா, இன்னிக்கு சாஃப்ட்வேர்ல பாதிப் பேர் வேற வேலை பார்த்துட்டிருப்போம். காது சரியா கேக்காதவங்க நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க. 1990 வாக்குல அமெரிக்காவுல மாற்றுத்திறனாளிகளுக்கு அதிக வேகப் பரீட்சையிலேர்ந்து டாக்டர் சர்டிஃபிகேட்டோட விலக்கு கொடுத்தாங்க. பொழுதுபோக்குக்கு டாக்டர்கிட்ட சீட்டு வாங்க வேண்டிய நிலைமை.

ரெண்டாவது வாதம்: ஆபத்துக் காலத்துல மோர்ஸ்தான் கைகொடுக்கும். இதுல இயற்பியல் இருக்கு, ஒத்துக்கறேன். குரலுக்கு ரெண்டரை, மூணு கிலோஹெர்ட்ஸ் அகலம் வேணும். மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும். அதே சக்தியை இருபதுல ஒரு பங்கு இடத்துல குவிக்கிறதால, குரல் இரைச்சல்ல மூழ்கற இடத்துல மோர்ஸ் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கிட்டு மூச்சு விடும். ஆனா இது மோர்ஸைக் கத்துக்கறதுக்கான காரணம். கத்துக்காதவனை உள்ளே விடாததுக்குக் காரணம் ஆகாது. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னிக்கு அந்தமான் போர்ட் பிளேர்ல ஹாம் நிலையம் வச்சிருந்த பாரதி பிரசாத்தும் குழுவும் மத்த தொடர்பெல்லாம் அறுந்தப்ப செய்திகளைக் கடத்தினாங்க. யார் உயிரோட இருக்காங்க, எங்க இருக்காங்கன்னு வெளியில காத்துக்கிட்டிருந்தவங்களுக்கு அந்தச் செய்திகள் பெரும்பாலும் குரல்லதான் போச்சு. ஆபத்துல உதவறது அங்க இருக்கற ஆளும், ஓடற கருவியும், அதை இயக்கத் தெரிஞ்ச பழக்கமும்.

மூணாவது வாதம்: பரீட்சை இல்லேன்னா எவனும் மோர்ஸ் கத்துக்க மாட்டான், கலையே செத்துடும். காலம் தெளிவா பதில் சொன்னது இதுக்குத்தான். அமெரிக்காவுல 2007 ஆரம்பத்துல ஆறரை லட்சம் சொச்சம் இருந்த ஹாம்கள் எண்ணிக்கை 2012 வாக்குல ஏழு லட்சத்தைத் தாண்டிச்சு. மோர்ஸும் சாகலை. 2006 ஜனவரியில சாதா கைச்சாவி மட்டும் பிடிச்சு அடிக்கறவங்களுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 2010-ல ஆரம்பிச்ச சி.டபிள்யூ. ஆப்ஸ் அமைப்பு இணையம் வழியா இலவசமா மோர்ஸ் சொல்லிக் கொடுக்குது. ஒவ்வொரு நவம்பர் கடைசியிலயும் நடக்கற உலக மோர்ஸ் போட்டி அன்னிக்கு பேண்டைத் திருப்பிப் பாருங்க, கால் வைக்க இடம் இருக்காது. அடிச்சு சொல்லிக் கொடுத்தப்ப வெறுப்போட கத்துக்கிட்டாங்க. இப்ப ஆசையில கத்துக்கறாங்க.

ஆக மூணு வாதமும் நிக்கலை. அப்ப எல்லாம் சுபமா? இல்லை.

பரீட்சையை எடுத்தவங்க வேலிகளை அப்படியே விட்டுட்டாங்க. 80, 40, 20, 15 மீட்டர் பேண்டுகள்ல ஒவ்வொண்ணுலயும் அடிமட்டத்து 25 கிலோஹெர்ட்ஸ் அமெரிக்காவுல எக்ஸ்ட்ரா உரிமக்காரங்களுக்கு மட்டும். மோர்ஸ்காரங்க தொலைதூர நாடுகளைத் தேடிப் பிடிக்கற அருமையான இடம் அதுதான். ஒரு காலத்துல 20 வார்த்தை வேகத்துக்குப் பரிசு. இன்னிக்கு எக்ஸ்ட்ரா ஆக ஒரு புள்ளி, ஒரு கோடு கூடத் தெரிய வேண்டாம், தியரி கேள்விக்கு பதில் எழுதினாப் போதும். மறுபக்கம், தொடக்க நிலை டெக்னீஷியன் உரிமக்காரங்களுக்கு 80, 40, 15 மீட்டர்ல இடம் இருக்கு. ஆனா அங்க அவங்க மோர்ஸ் மட்டும்தான் அடிக்கலாம்! மோர்ஸ் பரீட்சையே எழுதாதவனுக்கு மோர்ஸ் மட்டும் அனுமதி. மோர்ஸ் தெரியாதவனுக்கு மோர்ஸோட உயர்ந்த நிலம். எங்க ஆபீஸ்ல பழைய மாட்யூலைத் தூக்கிட்டு அது செட் பண்ணின கான்ஃபிகரேஷனை மட்டும் விட்டு வச்சா இப்படித்தான் ஆகும்.

இன்னொரு விஷயம் ஹாம் இல்லாதவங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். அமெரிக்க விதிப்படி சிற்றலையில மோர்ஸுக்கு மட்டும்னு ஒதுக்கின இடம் ஒண்ணு கூடக் கிடையாது. மோர்ஸுக்கு மட்டும்னு இருக்கறதெல்லாம் மேலே 50 மெகாஹெர்ட்ஸ்ல 100 கிலோஹெர்ட்ஸ், 144-ல 100 கிலோஹெர்ட்ஸ். சிற்றலையில மோர்ஸ் எப்பவும் டேட்டாவோட ஒட்டுக்குடித்தனம். அந்தக் குடித்தனத்துல 2024 ஜனவரியில ஒரு மாத்தம் வந்தது. டேட்டாவுக்கு இருந்த 300 பாட் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துட்டு, 2.8 கிலோஹெர்ட்ஸ் அகலம் வரைக்கும் போகலாம்னு எஃப்.சி.சி. சொன்னது. பழைய வேகக் கட்டுப்பாடு அபத்தம், அது போனது நல்லதுதான். ஆனா ஒரே ஒரு 2.8 கிலோஹெர்ட்ஸ் டேட்டா சிக்னல் உக்காந்தா, பத்துப் பதினைஞ்சு மோர்ஸ் உரையாடல் நடக்கற இடம் காலி. தெருவுல பத்து சைக்கிள் போற இடத்துல ஒரு லாரி. லாரி தப்பு பண்ணலை, அதுக்கு அனுமதி இருக்கு. சைக்கிளுக்குன்னு ஓரம் போடாததுதான் தப்பு.

டேட்டான்னா எல்லாமே லாரி கிடையாது. நோபல் பரிசு வாங்கின வானியற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-ல கொண்டு வந்த எஃப்.டி.8 வெறும் 50 ஹெர்ட்ஸ் அகலம்தான். காதுக்கே கேக்காத சிக்னலைக் கூட கம்ப்யூட்டர் பிடிச்சுடும். மோர்ஸை விட மெலிசு. என்ன, 15 விநாடிக்கு ஒரு துண்டுச்சீட்டு மாதிரி போகும், மனசு விட்டுப் பேச முடியாது. ஆனா 20 மீட்டர்ல 14074 பக்கம் மூணு கிலோஹெர்ட்ஸுக்குள்ள டஜன் கணக்குல ஆட்கள் அடங்கிடறாங்க. அதனால இதை மோர்ஸா டேட்டாவாங்கற சண்டையாப் பார்க்காதீங்க. மெலிசா அகலமாங்கறதுதான் கேள்வி.

இதுல என்ன குடி முழுகிப் போகுதுன்னு கேக்கலாம். பொழுதுபோக்குதானே?

மெலிசான சிக்னல்தான் ஏழையோட சிக்னல். அதனாலதான் எனக்கு இது முக்கியம். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கிரிஸ்டல், சில்லறை மின்தடை, மின்தேக்கி, கொஞ்சம் கம்பி இருந்தா மோர்ஸ் டிரான்ஸ்மிட்டர் தயார். ரெண்டு மூணு வாட்ல, வானம் ஒத்துழைச்சா, அடுத்த கண்டத்துக்குப் போயிடும். குறைஞ்ச சக்திக்காரங்க கூடற இடம்னு 7030 கிலோஹெர்ட்ஸை சர்வதேச அமெச்சூர் சங்கமே குறிச்சு வச்சிருக்கு. குரலுக்கான கருவியை இவ்வளவு சுலபமா வீட்டு மேஜையில கட்ட முடியாது. கடையில வாங்கற மாடல்களோ பைக் விலை சொல்லும். எஞ்சினியரிங் காலேஜ்ல மாடுலேஷன் பத்தி பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கறவங்க, தன் கையால ஒரு சிக்னலை வானத்துல ஏத்திப் பார்க்கணும்னா, இருக்கறதுலேயே மலிவான வழி இதுதான். அந்த மெலிசான நிலத்துல அகலமானவங்க குடியேறினா, 100 வாட்காரன் ஒதுங்கி நின்னு சமாளிச்சுக்குவான். முதல்ல காணாமப் போறது ரெண்டு வாட்காரன்.

அதனால நான் கேக்கறது இதுதான்.

பரீட்சை வேண்டாம். திரும்பக் கொண்டு வர்ற பேச்சே வேண்டாம். ஒவ்வொரு சிற்றலை பேண்டோட அடிப்பகுதியிலயும் ஒரு துண்டை, 500 ஹெர்ட்ஸுக்கு மேல அகலம் போகக் கூடாதுன்னு சட்டமாவே எழுதி வைங்க. மோர்ஸ்னு பேர் கூடப் போட வேண்டாம். மெலிசா இருக்கறவங்க யார் வேணா வரலாம். அந்த 25 கிலோஹெர்ட்ஸ் எக்ஸ்ட்ரா வேலியையும் பிடுங்குங்க. காரணம் போன வேலிக்கு காவல் எதுக்கு?

இது புதுசும் இல்லை. 1979 உலக மாநாட்டுல அமெச்சூர்களுக்குக் கிடைச்ச 30 மீட்டர் பேண்டைப் பாருங்க. 10100-லேர்ந்து 10150 வரை, மொத்தமே 50 கிலோஹெர்ட்ஸ். அங்க குரல் கிடையாது, போட்டிகளும் கிடையாது. நாப்பது வருஷத்துக்கு மேலாச்சு, மோர்ஸும் மெலிசான டேட்டாவும் அங்க பக்கத்துப் பக்கத்துல குடித்தனம் நடத்துது. சர்வதேச அமெச்சூர் சங்கத்தோட பேண்ட் திட்டங்களும் 200 ஹெர்ட்ஸ், 500 ஹெர்ட்ஸ், 2700 ஹெர்ட்ஸ்னு அகலத்தை வச்சுத்தான் பிரிக்குது. அமெரிக்க ஹாம் சங்கமே 2005-ல அகலத்தை வச்சுப் பிரிக்கச் சொல்லி மனு போட்டு, 2007-ல வாபஸ் வாங்கிக்கிச்சு. எல்லாரும் பரீட்சைக்கு அடிச்சுக்கிட்டிருந்த அதே வருஷங்கள்!

சட்டம் எதுக்கு, கனவான் ஒப்பந்தம் போதாதான்னு கேப்பாங்க. சாதாரண நாள்ல போதும். பெரிய போட்டி நடக்கற வார இறுதியில கேட்டுப் பாருங்க, கனவான்கள் எத்தனை பேர்னு தெரியும்.

அப்ப இதுவும் ஒரு சலுகைதானே, பழசுக்கு மியூசியம் கட்டறதுதானேன்னு இன்னொரு கேள்வி வரும். இல்லைங்க. மியூசியத்துல இருக்கறதைத் தொடக் கூடாது. நான் கேக்கறது சைக்கிள் ஓரம். அதுல யாரையும் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தலை. ஓட்ட ஆசைப்படற பொண்ணோ பையனோ லாரியில அடிபடாம இருக்கட்டும்னு சொல்றேன். ஒரு திறமையை ஆளுங்க மேல திணிக்கவும் கூடாது. அது மூச்சு விடற இடத்தைப் பிடுங்கவும் கூடாது. நாப்பது வருஷம் முதல் பாதிக்கே சண்டை போட்டாச்சு. இனிமே ரெண்டாவது பாதியைப் பேசுவோம்.

பி.கு: மோர்ஸ் எப்படி இருக்கும்னு கேக்க உரிமம் எல்லாம் தேவையில்லை. வெப்எஸ்டிஆர்னு தேடினா, உலகத்துல பல இடங்கள்ல இருக்கற ரிசீவர்களை பிரவுசர்லேர்ந்தே திருப்பிக் கேக்கலாம். 7000-லேர்ந்து 7040-க்குள்ள சாயங்காலமா போய்ப் பாருங்க. முதல்ல பூச்சி சத்தம் மாதிரி இருக்கும். பத்து நிமிஷம் உக்காந்தீங்கன்னா, ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு தனி நடை இருக்கறது தெரிய ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் தூக்கம் கெட்டா நான் பொறுப்பில்லை :-)